டார்ச் அடிச்சா மின்னுது, ஆனா ட்ரௌட் பாக்குறது அதையா?

ராத்திரி ரூம்ல லைட்டையெல்லாம் அணைச்சிட்டு ஃப்ளை பாக்ஸைத் (ட்ரௌட் மீன் பிடிக்க தூண்டில் முள்ளுல முடி, இறகு, நூல் சுத்திக் கட்டுற போலி இரைதான் ஃப்ளை) திறந்து வச்சு அதுமேல யூவி, அதாவது புற ஊதா டார்ச் அடிச்சுப் பாத்திருக்கீங்களா? நான் முதல் தடவை பாத்தப்போ கொஞ்ச நேரம் கையை எடுக்கவே தோணல. மீன்முட்டை மாதிரி சுத்திக் கட்டின ஆரஞ்சு ஃப்ளை அப்படியே நெருப்புக் கங்கு மாதிரி எரியுது, பச்சை மஞ்சள் நூல்ல காலர் போட்ட நிம்ஃப் (தண்ணிக்குள்ள வாழற பூச்சிக் குஞ்சு மாதிரி கட்டின ஃப்ளை) ஒவ்வொண்ணுக்கும் கழுத்துல மட்டும் ஒரு வெளிச்ச வளையம், மாரபூங்கற மெத்து இறகுல சின்ன மீன் மாதிரி கட்டின வெள்ளை ஸ்ட்ரீமர் நீலமா ஜொலிக்குது. அதுக்கு நடுவுல ஒரு வரிசை மட்டும் காலியா இருக்கற மாதிரி இருந்துச்சு. லைட் போட்டுப் பாத்தா காலி இல்ல, அங்கதான் என்னோட சாதா முயல்முடி நிம்ஃப் ஆறு ஏழு குத்தி வச்சிருந்தேன். இருட்டோட இருட்டா கிடந்திருக்கு. எனக்கு இதுவரைக்கும் அதிகமா ட்ரௌட் பிடிச்சுக் குடுத்த ஃப்ளை எதுன்னு கேட்டா யோசிக்காம அதைத்தான் சொல்வேன்.

அன்னைக்குத்தான் இந்தக் கேள்வி மண்டைக்குள்ள புகுந்துச்சு. யூவி டப்பிங் (ஃப்ளை உடம்புக்கு நூல்ல முறுக்கற முடி), யூவி சினில் (பஞ்சு மாதிரி நூல்), யூவி ஃப்ளாஷ் (மினுக்கு இழை)னு பாக்கெட் பாக்கெட்டா வாங்கி வச்சு கட்டுறோமே, இது மீனுக்கு உண்மையிலேயே தெரியுதா, தெரிஞ்சா பிடிச்சிருக்கா, இல்ல அந்த டார்ச் வெளிச்சத்துல நமக்கு அழகா தெரியுறதால மீனுக்கும் அப்படித்தான் இருக்கும்னு நாமளே முடிவு பண்ணிக்கறோமா. ரெண்டு மூணு சீசனா இதையே படிச்சு, கட்டிப் பாத்து, தண்ணில போட்டுப் பாத்ததுல எனக்குப் புரிஞ்சதை எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும்.

முதல்ல பெரிய குழப்பமே அந்த "யூவி"ங்கற வார்த்தைதான். ஒரே வார்த்தையை மூணு வேற வேற விஷயத்துக்கு ஒட்டி வச்சிருக்காங்க. ஒண்ணு ஃப்ளோரசன்ட், அதாவது கண்ணுக்குத் தெரியாத புற ஊதா வெளிச்சத்தை வாங்கி கண்ணுக்குத் தெரியற கலரா மாத்தி வெளிய விடறது. ரெண்டாவது யூவி ரிஃப்ளெக்டிவ், புற ஊதாவை புற ஊதாவாவே திருப்பி அனுப்புறது, கண்ணாடி வெளிச்சத்தைத் திருப்புற மாதிரி. மூணாவது யூவி ரெசின், ஃப்ளை தலைல ஒரு சொட்டு வச்சு டார்ச் அடிச்சா கெட்டியாகுமே, அது. மூணாவதுக்கும் மீன் கண்ணுக்கும் சம்பந்தமே இல்ல, அது வெறும் பசை காயற விதம். ஆனா கட்டுற டேபிள்ல ஒரே டார்ச் மூணுக்கும் உபயோகப்படுறதால எல்லாம் ஒண்ணுன்னு தோணிடுது.

முக்கியமான விஷயம் என்னன்னா டார்ச் அடிச்சா மின்னுறது ஃப்ளோரசன்ட் மட்டும்தான். ரிஃப்ளெக்டிவ் மின்னாது, மின்னவும் முடியாது, ஏன்னா அது திருப்பி விடற வெளிச்சம் நம்ம கண்ணுக்கே தெரியாத வெளிச்சம். நம்ம கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸே புற ஊதாவை உறிஞ்சிடுது, சுமார் 400 நானோமீட்டருக்குக் கீழ நமக்கு இருட்டு. அதனால "இந்தப் பொருள் யூவி, பாருங்க டார்ச்ல எப்படி எரியுது"ன்னு யாராவது காட்டினா அவங்க காட்டுறது யூவி இல்ல, யூவியால பொறந்த நீலத்தையோ பச்சையையோ ஆரஞ்சையோ. 1852ல ஸ்டோக்ஸ் இதைத்தான் விளக்கி ஃப்ளோரசன்ஸ்னு பேர் வச்சாரு, ஃப்ளோர்ஸ்பார்ங்கற கல்லோட பேர்ல இருந்து. உள்ள போற வெளிச்சத்தோட அலைநீளத்தைவிட வெளிய வர்றது நீளமா இருக்கும், அவ்வளவுதான் சூட்சுமம்.

வீட்லயே செஞ்சு பாக்கலாம், நான் செஞ்சேன். 365 நானோமீட்டர் டார்ச் ஒண்ணு, பாலிகார்பனேட் லென்ஸ் போட்ட ஒரு பாதுகாப்புக் கண்ணாடி, போதும். ஆரஞ்சு ஃப்ளோரசன்ட் நூலை டேபிள்ல வச்சு இருட்டுல டார்ச் அடிங்க, எரியும். இப்போ டார்ச்சுக்கும் நூலுக்கும் நடுவுல அந்தக் கண்ணாடியைப் பிடிங்க, பொசுக்குன்னு அணைஞ்சிடும், ஏன்னா பாலிகார்பனேட் அந்த அலைநீளத்தை விடாது. (395 டார்ச்ல இவ்வளவு சுத்தமா அணையாது, அது ஏற்கனவே பாதி ஊதா வெளிச்சம், கொஞ்சம் கசிஞ்சு வரும்.) அடுத்ததா அதே நூலை வெயில்ல வச்சு, மேல அதே கண்ணாடியைப் பிடிங்க. இங்கதான் எனக்கு ஆச்சரியம், ஆரஞ்சு அப்படியே பளிச்சுன்னு இருக்கு, பெருசா வித்தியாசமே இல்ல. புற ஊதாவை முழுக்க மறைச்சாச்சு, அப்புறம் எப்படி? ஏன்னா அந்த ஆரஞ்சுச் சாயம் புற ஊதாவை மட்டும் இல்ல, நீலத்தையும் பச்சையையும்கூட வாங்கி ஆரஞ்சா மாத்தி விடுது. பகல் வெளிச்சத்துல அது எரியறதுக்கு யூவியே தேவைப்படல. அப்போ அந்தப் பாக்கெட்ல யூவின்னு போட்டதே பாதி தப்பு.

வெள்ளை வேற கதை. வெளுப்பு ஏத்தின வெள்ளை மாரபூ, வெள்ளை நூல் இதெல்லாம் நீலமா மின்னுறது ஆப்டிகல் பிரைட்னர்ங்கற ரசாயனத்தால, துணி துவைக்கற பவுடர்கள்ல நிறைய இருக்கும் அது. அது உண்மையிலேயே யூவியைத்தான் நம்பி இருக்கு, 350ல இருந்து 380 நானோமீட்டர் வரைக்கும் வாங்கி சுமார் 430, 440 பக்கம் நீலமா வெளிய விடும். ஒருதடவை ஒரு முயல்தோலை அழுக்கு போகணும்னு துணி பவுடர் போட்டு அலசிக் காயவச்சேன், அன்னைக்கு ராத்திரி டார்ச் அடிச்சப்போ தோல் முழுக்க மங்கலா நீலம் படர்ந்திருந்துச்சு, முடியோட அடிவேர் வரைக்கும். அலசாத இன்னொரு துண்டு பக்கத்துல கருப்பா கிடந்துச்சு. அப்போதிலிருந்து முடி, இறகு எதையும் துணி பவுடர்ல போடறதில்ல, பாத்திரம் கழுவற சாதா லிக்விட் ரெண்டு சொட்டு போதும். நாம தெரியாமலேயே நம்ம மெட்டீரியலை மாத்திடறோம்னு புரிஞ்சது அப்போதான்.

சரி, ரிஃப்ளெக்டிவ் பக்கம் வருவோம், அதை எப்படிப் பாக்குறது? அதுக்கு யூவி கேமரா வேணும், மத்த வெளிச்சத்தையெல்லாம் தடுத்து புற ஊதாவை மட்டும் விடற ஃபில்டரோட. போன் கேமராவால முடியாது, அதுக்குள்ள யூவியை வெட்டற ஃபில்டர் ஏற்கனவே இருக்கு. யூவி கேமரால எடுத்த படங்களைப் பாத்தா உலகமே தலைகீழா இருக்கும். சன்ஸ்க்ரீன் தடவின முகம் கரி பூசின மாதிரி கருப்பு. டைட்டானியம் டையாக்ஸைடு போட்ட வெள்ளை பெயிண்ட், நம்ம கண்ணுக்கு பால் மாதிரி வெள்ளை, யூவில பாத்தா கருப்பு, ஏன்னா அந்த நிறமி புற ஊதாவை முழுங்கிடும். அப்போ ஸ்ட்ரீமர் தலைல நாம ஆசை ஆசையா வச்ச வெள்ளைக் கண்ணு யூவி தெரியற மீனுக்கு வெள்ளையாவே தெரியாது. ஆனா அலுமினியம் புற ஊதாவை நல்லா திருப்பும். ஃப்ளைல சுத்தற வெள்ளி நிற ஜரிகை, அதாவது டின்சல், நிறைய பாலியெஸ்டர் படலத்து மேல அலுமினியம் பூசினதுதான், அந்தப் படலமும் 350 பக்கத்து வெளிச்சத்தைப் பெரும்பாலும் விட்டுடும். அதாவது சாதா வெள்ளி டின்சல் சுத்தின ஃப்ளை ஒவ்வொண்ணும் யூவி ரிஃப்ளெக்டிவ் ஃப்ளைதான், யாரும் அப்படிச் சொல்லி விக்கல, அவ்வளவுதான். இன்னொரு பக்கம் தங்கமும் செம்பும் நீலத்துப் பக்கமே கம்மியாத்தான் திருப்பும், அதனாலதானே அந்த மஞ்சளும் சிவப்பும், புற ஊதாலயும் அப்படித்தான். தங்க பீட் (தலைல கோக்கற மணி) வச்ச நிம்ஃபும் செம்புக் கம்பி சுத்தின நிம்ஃபும் யூவில மங்கல். ஆனா ட்ரௌட் அதை விடாம கடிக்குது, இது எல்லாருக்கும் தெரிஞ்ச அனுபவம். இதை யோசிச்சாலே "யூவி இருந்தாத்தான் மீன் கடிக்கும்"ங்கற பேச்சு ஆட்டம் காணுது.

இப்போ மெயின் விஷயம், மீனோட கண்ணு. இங்கதான் எனக்கு ரொம்ப ஆர்வம், கொஞ்சம் பொறுமையா படிங்க.

1987ல போமேக்கர், குன்ஸ்னு ரெண்டு பேர் பிரவுன் ட்ரௌட்டோட விழித்திரையை ஆராய்ச்சி பண்ணி வெளியிட்டாங்க. நம்ம கண்ணுல கலர் பாக்க மூணு வகை கூம்பு செல்லு, குட்டி பிரவுன் ட்ரௌட்ல நாலு வகை. சிவப்புப் பக்கம் சுமார் 600, பச்சை சுமார் 535, நீலம் சுமார் 440, நாலாவது 355 நானோமீட்டர், சுத்தமான புற ஊதா. அந்தச் செல்லுங்க அடுக்கி இருக்கற விதமே அழகு, சதுரம் சதுரமா கட்டம் போட்ட மாதிரி, பக்கங்கள்ல இரட்டைக் கூம்பு, நடுவுல நீலம், மூலைக்கு மூலை புற ஊதாக் கூம்பு. அப்போ மீனுக்கு யூவி தெரியும்னு ஆயிடுச்சு, யூவி மெட்டீரியலுக்கு ஆதரவா எல்லாரும் எடுத்துக்கறது இந்த ஒரு வரியைத்தான்.

ஆனா அதே ஆராய்ச்சியோட அடுத்த பாதியை யாரும் பாக்கெட்ல அச்சடிக்கறதில்ல. ஒரு வயசுக் குஞ்சுங்ககிட்டதான் அந்த மூலைக் கூம்பு இருந்துச்சு, ரெண்டு வயசு மீனுங்ககிட்ட காணோம். ரெயின்போ ட்ரௌட்லயும் இதே மாதிரி, வளர வளர யூவி உணர்வு குறையுதுன்னு ஹாவ்ரிஷினும் அவரோட கூட இருந்தவங்களும் 1980களோட கடைசில இருந்து தொடர்ந்து காட்டியிருக்காங்க. தைராய்டு ஹார்மோன் குடுத்தா அந்த மாற்றத்தை முன்கூட்டியே வரவைக்கலாம்னும் பாத்தாங்க, அதாவது குட்டி மீன் பெரிய மீனா மாறுற அதே உடல் மாற்றத்தோட சேர்ந்து நடக்கற விஷயம் இது. 2004ல ஃப்ளமாரிக் குழு இன்னும் உள்ள போய், பசிபிக் சால்மன் குஞ்சுங்கள்ல அந்தக் கூம்பு செத்துப் போறது மட்டும் கதை இல்ல, அதுக்குள்ள இருக்கற நிறமியே புற ஊதாவுல இருந்து நீலத்துக்கு மாறிடுதுன்னு காட்டினாங்க. ஒரே செல்லு, வேற வேலை.

குஞ்சுக்கு எதுக்கு யூவி? சாப்பாட்டுக்கு. அது தண்ணி மேல்மட்டத்துல டாஃப்னியா மாதிரி குட்டிக் குட்டி மிதவை உயிரைத் தேடித் தின்னுற வயசு. 2013ல ஃப்ளமாரிக் வெளியிட்ட ஒரு சோதனை எனக்கு ரொம்ப பிடிச்சது, குட்டி ரெயின்போ ட்ரௌட்டுக்கு தைராய்டு ஹார்மோன் குடுத்து யூவிக் கூம்பை நீலத்துக்கு மாத்திட்டு டாஃப்னியாவைத் தேட விட்டாரு, அப்படி மாத்தின மீனுங்க இரையைக் கிட்டப் போனாத்தான் கண்டுபிடிச்சுதுங்க, மாத்தாதது இன்னும் தூரத்துல இருந்தே பாத்துடுச்சு. யூவி அந்தக் குஞ்சுக்கு நிஜமான ஆயுதம், சந்தேகமே இல்ல.

ஆனா நாம யாரும் அந்தக் குஞ்சைப் பிடிக்கப் போறதில்லையே. நாம போற மீன் நிம்ஃப் தின்னுற, காடிஸ் புழு தின்னுற, சின்ன மீனைத் துரத்துற மீன். அது வளந்து ஆழத்துக்குப் போய், சாப்பாடு மாறி, அந்தக் கூம்பையும் பெரும்பாலும் விட்டுட்ட மீன். முழுசா போயிடுச்சுன்னு அடிச்சுச் சொல்லவும் நான் வரல. முட்டை போடற பருவம் நெருங்கும்போது யூவிக் கூம்பு திரும்ப வர்றதா ஆராய்ச்சி இருக்கு. இன்னொண்ணு, எந்த நிறமியா இருந்தாலும் அதோட முக்கிய அலைநீளம் போக 350 பக்கத்துல ஒரு சின்ன இரண்டாவது உணர்வு இருக்கும், பீட்டா பட்டைன்னு சொல்வாங்க, அதனால சிவப்பு பச்சைக் கூம்பாலகூட புற ஊதாவை லேசா வாங்க முடியும். ஆனா அது தனி நிறமா தெரியாது, கொஞ்சம் கூடுதல் வெளிச்சமா தெரியும், அவ்வளவுதான். ஆக பெரிய ட்ரௌட்டுக்கு யூவி ரிஃப்ளெக்டிவ் டப்பிங் கட்டுறது, கதவு பெரும்பாலும் சாத்தியிருக்கற வீட்டுக்கு முன்னாடி நின்னு கூப்பிடற மாதிரிதான்னு எனக்குப் படுது.

தண்ணியும் இதுல ஒரு பெரிய ஆளு. சுத்தமான தண்ணி புற ஊதாவை நல்லாவே விடும், தெளிவான மலை ஏரில யூவி ஏ (நீளமான அலைப் பக்கத்துப் புற ஊதா) பத்து மீட்டர் தாண்டியும் இறங்கும். ஆனா இலை, மண், மக்கின சதுப்பு நிலம் ஊறி வந்த தேயிலைத் தண்ணி நிறத்துல ஓடற ஓடைல கரைஞ்சிருக்கற அந்த அங்ககப் பொருளு புற ஊதாவைத்தான் முதல்ல முழுங்கும், ஒரு மீட்டர் இறங்கறதுக்குள்ள ஏறக்குறைய தீந்துடும். அதுலயும் ரிஃப்ளெக்டிவுக்கு ரெட்டை அடி, வெளிச்சம் மேல இருந்து ஃப்ளை வரைக்கும் வரணும், அங்க இருந்து மீன் கண்ணு வரைக்கும் மறுபடியும் யூவியாவே போகணும். ரெண்டு பயணத்துலயும் தேயும். ஃப்ளோரசன்ட்டுக்கு அந்தக் கஷ்டம் இல்ல, ஃப்ளை வரைக்கும் யூவியோ நீலமோ பச்சையோ எதுவோ ஒண்ணு வந்தா போதும், அங்க இருந்து கிளம்பறது மீனுக்கு நல்லா தெரியற நிறம், அதுக்கு யூவிக் கண்ணே தேவையில்ல. வெள்ளை மாரபூவோட பிரைட்னர் விடற நீலம் சுமார் 440, ட்ரௌட்டோட நீலக் கூம்பும் சுமார் 440, யாரும் திட்டம் போட்டுச் செய்யாம ரெண்டும் பொருந்தி வந்திருக்கு.

இன்னொரு விஷயம், இதை யாராவது முன்னாடியே எனக்குச் சொல்லியிருந்தா நிறைய நேரம் மிச்சமாயிருக்கும். தண்ணிக்குள்ள குட்டையான அலை அதிகமா சிதறும், அதனால யூவி தெரியற குஞ்சுக்கு சுத்தியிருக்கற தண்ணியே ஒரு வெளிச்சத் திரை மாதிரி இருக்கும். அந்தத் திரைக்கு முன்னாடி யூவியை உறிஞ்சுற இரை ஒரு கரும்புள்ளியா எடுத்துக் காட்டும், யூவியைச் சிதறடிக்கற இரை பளிச்சுன்னும் தெரியலாம், எப்படியும் கணக்கு சுத்தியிருக்கறதோட வித்தியாசம்தான். அப்போ "யூவி ரிஃப்ளெக்டிவ்னா நல்லா தெரியும்"ங்கறதே எப்பவும் சரியில்ல, பின்னணியும் யூவில பிரகாசமா இருந்தா ரிஃப்ளெக்டிவ் ஃப்ளை அதோட கலந்து காணாமலும் போகலாம், வெள்ளைச் சுவர் முன்னாடி வெள்ளைச் சட்டை போட்டு நிக்கற மாதிரி. தெரியுதா தெரியலையாங்கறது பொருளை மட்டும் பாத்துச் சொல்ற விஷயமே இல்ல.

தண்ணி மேல மிதக்கற ட்ரை ஃப்ளைக்கு இதெல்லாம் இன்னும் கம்மி. மீன் கீழ இருந்து வானத்தைப் பாக்குது, தலைக்கு மேல சுமார் 97 டிகிரி வட்ட ஜன்னல், அதுக்கு வெளிய தண்ணிப் பரப்பு கண்ணாடி மாதிரி. வானத்து வெளிச்சத்துக்கு எதிர்ல ஃப்ளை நிழலாத்தான் தெரியும், அந்தக் கண்ணாடில ஹேக்கிள் (ஃப்ளையைச் சுத்தி விரிஞ்சு நிக்கற இறகு) குத்துற புள்ளிகள்தான் முதல்ல மீனுக்குச் சேதி சொல்லும். பாராசூட்ங்கற வகை ட்ரை ஃப்ளை நடுவுல குத்தி நிக்கற பிங்க் முடி நமக்குத் தெரியறதுக்காக, மீனுக்காக இல்ல.

இவ்வளவு சொல்லிட்டு ஃப்ளோரசன்ட்டை நான் குறைச்சு மதிப்பிடறேன்னு நினைச்சுடாதீங்க, நேர்மாறு. தண்ணில கலர் எப்படிச் சாகுதுன்னு யோசிச்சுப் பாருங்க. தெளிவான தண்ணில சிவப்பு முதல்ல போகும், நாலஞ்சு மீட்டர் இறங்கினாலே சாதா சிவப்பு நூல் பழுப்பு, இன்னும் கீழ கருப்பு. ஆனா ஃப்ளோரசன்ட் ஆரஞ்சு அங்க இருக்கற நீலத்தையும் பச்சையையும் வாங்கி ஆரஞ்சை அங்கேயே தயாரிக்குது, மேல இருந்து ஆரஞ்சு இறங்கி வரணும்னு அவசியமே இல்ல. 1967ல கின்னியும் அவர் கூட இருந்தவங்களும் முக்குளிப்பவங்களை வச்சு வேற வேற தண்ணில கலர் தெரியறதைச் சோதிச்சு வெளியிட்டாங்க, ஃப்ளோரசன்ட் கலருங்கதான் நல்லா தெரிஞ்சுது, அதுலயும் எந்தக் கலர்ங்கறது தண்ணிக்குத் தண்ணி மாறுச்சு. அது மனுஷக் கண்ணுதான், ஆனா வெளிச்சத்தோட கணக்கு மீனுக்கும் அதேதான், அதுக்கும் சிவப்பு பச்சைக் கூம்பு நல்லாவே இருக்கு.

விடியக்காலைலயும் பொழுது சாயறப்பவும் வானத்து வெளிச்சம் நீலமா மாறுறதை நாமளே பாக்கறோம், அந்த நேரத்துல சுத்தியிருக்கற சாதாக் கலரெல்லாம் மங்கிப் போய் ஃப்ளோரசன்ட் மட்டும் தனியா நிக்கறதை கரைல நின்னே பாக்கலாம். நான் ஒரு சாயங்காலம் கைல ரெண்டு ஃப்ளையை வச்சுக்கிட்டு நின்னேன், ஒண்ணுல சாதா ஆரஞ்சு காலர், ஒண்ணுல ஃப்ளோரசன்ட் ஆரஞ்சு காலர், மதியம் ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். வெளிச்சம் இறங்க இறங்க சாதா ஆரஞ்சு துரு நிறமாகி, அப்புறம் வெறும் பழுப்பாகி, உடம்போட சேர்ந்துடுச்சு. மத்தது மட்டும் கடைசி வரைக்கும் ஒரு புள்ளியா எரிஞ்சுட்டு இருந்துச்சு, தூண்டில் வளைவுகூட தெரியாத நேரத்துலயும்.

தெரியறது வேற, பிடிக்கறது வேற, இதையும் சொல்லியாகணும். தெரிஞ்சா மீன் வரணும்னு கட்டாயம் இல்ல, பயந்தும் போகலாம். வெயில் நேரம், தெளிஞ்ச தண்ணி, மெதுவா ஓடற இடம், அங்க பெரிய ஃப்ளோரசன்ட் உடம்பைப் போட்டா ட்ரௌட் ஒதுங்கிப் போறதை நான் பலதடவை கண்ணால பாத்திருக்கேன், ஃப்ளை நெருங்கும்போது மீன் கிடக்கற இடத்துல இருந்து மெல்ல பக்கவாட்டுல நகந்து, அது கடந்து போனதும் பழைய இடத்துக்கே வரும். அதே மீனுக்கு அதே நிம்ஃப்ல கழுத்துல ரெண்டு சுத்து மட்டும் ஃப்ளோரசன்ட் வச்சா அப்படி விலகினதில்ல. அளவு ரொம்ப முக்கியம். முழு உடம்பும் எரிஞ்சா அது ஒரு அந்நியப் பொருள், ஒரு புள்ளி எரிஞ்சா கண்ணு அந்தப் புள்ளியைப் பிடிச்சு அப்புறம் பூச்சியைப் பாக்குது, அப்படித்தான் நான் நினைக்கறேன்.

சரி, தண்ணில சோதிச்சுப் பாத்தேனா? பாத்தேன், அதுல கத்துக்கிட்டது மீனைப் பத்தினதைவிட சோதனையைப் பத்தினதுதான் அதிகம். முதல் சீசன் நோட்டுல எழுதி வச்சேன், எந்த ஃப்ளை, எத்தனை மீன்னு. யூவி ஃப்ளை ஜெயிச்சுது. சந்தோஷமா என் கூட வர்ற அண்ணன்கிட்ட காட்டினேன், வயசுல பெரியவர், எனக்கு முன்னாடில இருந்து தூண்டில் பிடிக்கறவர். நோட்டை ரெண்டு பக்கம் புரட்டிட்டு கேட்டாரு, "தம்பி, இதுல எந்த ஃப்ளையை முதல்ல போட்ட?" நான் புதுசா கட்டின யூவிதான்ணே முதல்லன்னு சொன்னேன். "எவ்ளோ நேரம் போட்ட?" அதுதான் அதிக நேரம். "அப்போ தூங்கிட்டு இருந்த தண்ணில முதல் வீச்சு அதுக்கு, அதிக நேரமும் அதுக்கு, கலைஞ்சு போன தண்ணில மிச்ச நேரம் பழசுக்கு. என்னத்தப்பா கண்டுபிடிச்ச?" பதில் சொல்ல முடியல, அவர் சொன்னது அத்தனையும் சரி.

அடுத்த சீசன் மாத்திச் செஞ்சேன். ரிஃப்ளெக்டிவ் மெட்டீரியல்ல ஒரு நல்ல வசதி இருக்கு, நம்ம கண்ணுக்கு சாதாவும் அதுவும் ஒண்ணு மாதிரியே தெரியும், டார்ச் அடிச்சாலும் தெரியாது. அதனால ஒரே சாம்பல் நிறம், ஒரே அளவுத் தூண்டில், ஒரே எடைன்னு ரெட்டைப் பிள்ளை மாதிரி நிம்ஃப் கட்டி, ரிஃப்ளெக்டிவ்னு போட்டு விக்கற டப்பிங்ல கட்டினதுக்கு மட்டும் பீடுக்கு உள்பக்கம் வேற கலர் நூல்ல ஒரு சுத்து போட்டுட்டேன், பீடை நகத்தி மேல மூடினா யாருக்கும் தெரியாது. அண்ணன்கிட்ட டப்பாவைக் குடுத்துடுவேன், அவர் அதைக் குலுக்கி கைக்கு வந்ததை எடுத்துத் தருவாரு, இருபது நிமிஷத்துக்கு ஒருதடவை மாத்துவோம், எது எதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியாது, பிரிச்சுப் பாக்குறது சீசன் முடிஞ்சப்புறம்தான். ஏறக்குறைய சமமா வந்துச்சு. எனக்கு அது ஏமாற்றமா இல்ல, ரொம்ப நாள் தேடின ஒரு பதில் கைல கிடைச்ச மாதிரி இருந்துச்சு.

எண்ணிக்கை பத்தி ஒண்ணு சொல்லணும், ஏன்னா இதுல நிறைய பேர் ஏமாறுறாங்க. முப்பது மீன்ல யூவிக்கு 18, சாதாவுக்கு 12ன்னு வந்தா நம்ம மனசு உடனே தீர்ப்பு எழுதிடும். ஆனா ரெண்டு ஃப்ளையும் துளி வித்தியாசம் இல்லாத ஒரே ஃப்ளையா இருந்தாலும், காசு சுண்டிப் போடற மாதிரி முப்பது தடவை நடந்தா 18க்கு 12 இல்ல அதைவிட அதிகமா ஏதாவது ஒரு பக்கம் சாயறதுக்கு மூணுல ஒரு பங்குக்கு மேல வாய்ப்பு இருக்கு. அதாவது அது ஒரு செய்தியே இல்ல. ஒரு சீசன்ல ஒரு ஆள் பிடிக்கற மீனை வச்சு சின்ன வித்தியாசத்தை நிரூபிக்கறது ரொம்ப கஷ்டம், பெரிய வித்தியாசம் இருந்தாத்தான் கண்ணுல படும். ரிஃப்ளெக்டிவ்ல அப்படி ஒரு பெரிய வித்தியாசம் இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், தெரியல.

ஃப்ளோரசன்ட் காலரை இப்படிக் கண்ணைக் கட்டிச் சோதிக்க முடியாது, கட்டினவனுக்கும் தெரியும் போடறவனுக்கும் தெரியும், நம்பிக்கை அதிகமா இருக்கற ஃப்ளையை நாம கவனமா வீசுவோம், டிரிஃப்ட்டை (ஓட்டத்தோட ஃப்ளை மிதந்து போற விதத்தை) ஒழுங்கா பாத்துக்குவோம், அதுவே மீனைக் கொண்டு வரும். அதனால இதை நிரூபணம்னு சொல்லாம என் அனுபவம்னு மட்டும் சொல்றேன். மழை பெஞ்சு தண்ணி கலங்கி, முழங்கால் ஆழத்துல பாதம் தெரியாத நாள்ல ஆரஞ்சுக் காலர் போட்ட நிம்ஃபும் முட்டை ஃப்ளையும் எனக்கு வேலை செஞ்ச மாதிரி சாதா நிம்ஃப் செய்யல. கலங்கின தண்ணில மீனுக்கு ஃப்ளையைப் பாக்கக் கிடைக்கறது கொஞ்சம் தூரம், கொஞ்சம் நேரம், அதுல முதல்ல கண்ணுல படறது ஜெயிக்கும், இது எனக்கு நியாயமா படுது. தெளிஞ்ச தண்ணி நாள்ல அந்தக் காலரால ஒரு லாபமும் நான் பாக்கல.

அதனால இப்போ என் பாக்ஸ் கொஞ்சம் மாறிடுச்சு. ரிஃப்ளெக்டிவ்னு தனியா எதையும் தேடி எடுக்கறதில்ல, இருக்கறதைக் கட்டித் தீக்கறேன், டப்பிங்கா அது நல்ல டப்பிங்தான், முடி நல்லா சிக்கிப் பிடிக்குது. ஃப்ளோரசன்ட் நூல் மூணே கலர், ஆரஞ்சு, பிங்க், பச்சை மஞ்சள், எதைக் கட்டினாலும் பீடுக்குப் பின்னாடி ரெண்டு சுத்து, கலங்கின தண்ணிக்கு மட்டும் நாலு சுத்து. அந்த நூல்களை மூடின டப்பால இருட்டுல வச்சிருக்கேன், வெயில் படற இடத்துல வச்சா ஃப்ளோரசன்ட் சாயம் சீக்கிரம் சாகும். ஜன்னலோரம் ஒரு ஆரஞ்சு நூல்கண்டு ரொம்ப நாளா கிடந்துச்சு, போன வாரம் எடுத்து டார்ச் அடிச்சேன், வெளிச்சம் பட்ட பக்கம் மங்கிப் போய் சாம்பல் ஆரஞ்சா இருந்துச்சு. மேல் சுத்தை ஒரு முழம் உருவிப் போட்டுட்டுப் பாத்தேன், உள்ளே இருந்த நூல் கங்கு மாதிரி எரிஞ்சுது. அதுலதான் நேத்து ராத்திரி ஆறு நிம்ஃபுக்கு கழுத்து கட்டினேன், உடம்பு அதே பழைய முயல்முடி.